கேள்வி பதில்: லேவர் 11, எமர்சன் 12

கே: டென்னிஸில் ஜோகோவிச் 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றிருக்கிறார். ராட் லேவருக்கு 11தான். அப்படியிருந்தும் லேவரை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

ப: 1963 முதல் 1967 வரை நடந்த 20 போட்டிகளில் அவரை ஆடவே விடவில்லை, அதனால்தான். கிராண்ட் ஸ்லாம் என்பது ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் போட்டிகள். அன்றைக்கு இந்த நான்கு பெரிய போட்டிகளிலும் அமெச்சூர்களுக்கு, அதாவது காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கு, மட்டுமே இடம். காசுக்கு ஆடுகிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கதவு சாத்தப்படும். (அமெச்சூர்களுக்கு 'செலவுக்கு' என்ற பெயரில் மறைமுகமாகப் பணம் போனது ஊரறிந்த ரகசியம்!) 1962-ல் நான்கு பட்டங்களையும் வாரிக்கொண்ட லேவர், அத்தோடு தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஐந்து வருடங்களில், அமெச்சூராகவே இருந்துவிட்ட ராய் எமர்சன் எடுத்தது 10 பட்டங்கள். மொத்தம் 12. ஆண்களில் அதுதான் சாதனை, 2000-ம் ஆண்டு விம்பிள்டனில் சாம்ப்ராஸ் தாண்டும் வரைக்கும். எமர்சனைக் குறை சொல்ல மாட்டேன். எதிரே வந்து நிற்கிறவரைத்தானே ஜெயிக்க முடியும்? ஆனால் 1968-ல் எல்லோரும் ஆடலாம் என்று ஆன பிறகு ஒற்றையரில் அவருக்கு ஒரு பட்டம்கூடக் கிடைக்கவில்லை. லேவரோ 1969-ல் மறுபடியும் நான்கையும் வென்றார். ஒற்றையரில் இதை இரண்டு முறை செய்தவர் அவர் ஒருவர்தான்.

கே: அந்தத் தடையால் அதிகம் இழந்தவர் லேவர்தானா?

ப: என்னைக் கேட்டால் கென் ரோஸ்வால். லேவருக்குப் போனது ஐந்து வருடம், இவருக்கு 1957 முதல் 1967 வரை பதினோரு வருடம். பிறவியில் இடது கைக்காரர். அப்பா வலது கையில் ஆடப் பழக்கினார். அந்தக் கையால் அவர் பேக்ஹேண்டில் வெட்டி அனுப்பும் பந்து தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போகும், எதிராளி குனிந்தே களைத்துப்போவார். 1953-ல் பிரெஞ்சுப் பட்டம். 15 வருடம் கழித்து, 1968-ல், அதே பட்டம் மறுபடியும். இறுதியில் தோற்றவர் யார் தெரியுமா? லேவர்!

விம்பிள்டன் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1954, 1956, 1970, 1974 என நான்கு இறுதி ஆட்டங்களிலும் தோல்வி. கடைசி முறை அவருக்கு வயது 39, எதிரே 21 வயது ஜிம்மி கானர்ஸ். 6-1, 6-1, 6-4. அந்த ஸ்கோரை இப்போது பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

கே: முதல் அமெரிக்க ஓப்பனை ஜெயித்தவருக்குப் பரிசுப் பணமே தரவில்லையாமே, நிஜமா?

ப: நிஜம். 1968, ஃபாரஸ்ட் ஹில்ஸ். ஆர்தர் ஆஷ் அப்போது அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்ட். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் ஆடுவதற்காக அமெச்சூராகவே இருந்தார், அதனால் பரிசுப் பணம் வாங்க முடியாது. இறுதியில் ஹாலந்தின் டாம் ஓக்கருடன் ஐந்து செட், முதல் செட்டே 14-12. கோப்பை ஆஷுக்கு, 14,000 டாலர் தோற்ற ஓக்கருக்கு. ஆஷுக்குத் தினப்படி மட்டும்தான்.

கே: ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டியலில் 1986-ஐக் காணோமே, அச்சுப் பிழையா?

ப: பிழை இல்லை. டிசம்பரில் நடந்துகொண்டிருந்த போட்டியை ஜனவரிக்கு மாற்றினார்கள். அதில் 1986 விடுபட்டுப்போனது. 1985 டிசம்பரிலும் 1987 ஜனவரியிலும் வென்றவர் ஸ்டெஃபான் எட்பர்க். 1977-லோ நேர்மாறு, ஒரே வருடத்தில் இரண்டு போட்டி. ஜனவரியில் ராஸ்கோ டானர், டிசம்பரில் விடாஸ் ஜெருலைடிஸ்.

அப்புறம் இன்னொன்று. ஸ்வீடன் வீரர் பியோன் போர்க் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆடியதே ஒரே ஒரு முறை, 1974-ல். அவருடைய 11 பட்டங்களும் பாரிஸிலும் விம்பிள்டனிலும் வந்தவைதான். அந்தக் காலத்தில் பெரிய தலைகள் பலர் அவ்வளவு தூரம் போக மெனக்கெடவில்லை. யாரிடம் எத்தனை பட்டம் என்று அன்றைக்கு யாரும் எண்ணிக்கொண்டிருக்கவும் இல்லை.