பாண்டு வேறு, சர்டிபிகேட் வேறு

கேள்வி: சார், பி.எஸ்சி நர்சிங் முடித்து 2021 ஜூலையில் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் கவுன்சில் பதிவு வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2024 ஆகஸ்டில் டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றி, 'ட்ரெயினிங் தருகிறோம்' என்று மூன்று வருட பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். தொகை எழுதாத செக் ஒன்றும் கொடுத்திருக்கிறேன். இப்போது வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அட்டஸ்டேஷனுக்கு ஒரிஜினல் வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. ஆனால் எச்.ஆர். மேடம், 'ஒன்றரை லட்சம் கட்டிட்டு ஒரிஜினல் வாங்கிக்கோ' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அம்மா அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறாள். கட்டிவிடவா?
(கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ்)

கட்ட வேண்டாம், தங்கச்சி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மாதத்துக்கு ஒருவராவது இதே கதையோடு என் ஆபீசுக்கு வருகிறார்கள், பெரும்பாலும் நர்ஸ்கள்தான், நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை. எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான். பாண்டையும் சர்டிபிகேட்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வேண்டும். இரண்டும் வேறு வேறு.

முதலில் சர்டிபிகேட். தக்கலையில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்கூட்டியை ரிப்பேருக்கு விடுகிறீர்கள், வேலை முடிந்தது, காசு கொடுக்கவில்லை என்றால் மெக்கானிக் வண்டியைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். சட்டமே அந்த உரிமையைக் கொடுக்கிறது, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு. ஏன் கொடுக்கிறது? அந்த வண்டி மேல் அவர் உழைத்திருக்கிறார். உங்கள் மார்க் ஷீட் மேல் ஆஸ்பத்திரி என்ன உழைத்தது? பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பூட்டியதைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த பிரிவான 171-இல் பொதுவாகப் பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை வங்கிகள், கமிஷன் முகவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் உண்டு. அந்தப் பட்டியலில் வேலை கொடுக்கும் முதலாளி இல்லை, தனியாக எழுதி ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவர் அந்தப் பக்கம் வர முடியும். ஆகவே பாண்டை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பணம் கட்டும்வரை ஒரிஜினலை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் வரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு, இல்லை என்றால் அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை.

ஒரிஜினல் அவர்களிடம் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? ரசீது கொடுத்திருக்க மாட்டார்கள், யாரும் கொடுப்பதில்லை. ஆனால் அந்த வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கிறதே, அது போதும். 'கட்டிட்டு வாங்கிக்கோ' என்று எழுதியவர், ஒரிஜினல் எங்களிடம்தான் இருக்கிறது என்று அவர் கையாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், அந்தச் சாட்டை அழிக்காமல் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். கோர்ட்டில் மின்னணு ஆவணத்தைக் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதற்கு மூல போன் கையில் இருப்பது நல்லது.

சரி, பாண்டுக்கு வருவோம். 'பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது, பயப்படாதே' என்று உங்கள் ஹாஸ்டல் குரூப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் வேலை செய்யாமல் போனால் இரண்டு லட்சம் என்ற பாண்டு செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் கட்டுப்பாடு தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது என்பது அதன் சாரம். உங்கள் ஆஸ்பத்திரியின் வக்கீல் முதல் வேலையாக அதைத்தான் நீட்டுவார்.

நீட்டட்டும். அந்த வழக்கில் இருந்தது ஒரு பொதுத்துறை வங்கி. நாடு முழுக்க விளம்பரம் கொடுத்து, விதிப்படி ஆள் எடுத்தாக வேண்டிய நிறுவனம், ஒருவர் நடுவில் போனால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும். போனவரும் நல்ல சம்பளம் வாங்கிய சீனியர் மேனேஜர், இரண்டு லட்சம் அவருக்குப் பெரிய பாரம் இல்லை என்று நீதிமன்றம் பார்த்தது. உங்கள் கதை அப்படியா? டயாலிசிஸ் ட்ரெயினிங் என்றால் எங்கே அனுப்பினார்கள், யாருக்கு ஃபீஸ் கட்டினார்கள், சர்டிபிகேட் ஏதும் கொடுத்தார்களா? நான் ஊகிக்கிறேன், அதே வார்டில் சீனியர் சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் நிறுத்தி மெஷினை எப்படி பிரைம் செய்வது என்று காட்டியிருப்பார், மூன்றாம் நாளிலிருந்து நீங்களே நோயாளியைப் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் அது ட்ரெயினிங் இல்லை, டியூட்டி.

இங்கேதான் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு வேலை செய்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் அது அப்படியே கிடைத்துவிடாது, அதுதான் உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பாண்டில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. முப்பத்தாறு மாதத்தில் இருபது மாதம் வேலை செய்துவிட்டீர்கள், ஆனாலும் ஒன்றரை லட்சம், முப்பத்தைந்தாவது மாதம் போனாலும் அதே ஒன்றரை லட்சம். நாள் குறையக் குறைய தொகை குறையாத பாண்டு நஷ்டத்துக்காக எழுதியது இல்லை, மிரட்டுவதற்காக எழுதியது என்று வாதாட நன்றாக இடம் கொடுக்கும். எல்லாம் உங்களுக்கு எதிராகப் போய், மீதி பதினாறு மாதத்துக்குக் கணக்குப் போட்டாலும் 66,000 சொச்சம்தான் வரும், அதுவும் அவர்கள் சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டு, செலவை நிரூபித்து, ஜெயித்த பிறகு. உங்களை வேலையிலேயே கட்டிப்போட எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது.

உங்களைவிட எனக்குக் கவலை அந்த செக்கில்தான். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், பாக்கிக்காகக் கொடுத்ததுதான் என்று சட்டம் முதலில் அனுமானிக்கும், இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், அதற்கும் 138-ஆம் பிரிவில், அதாவது செக் பவுன்ஸ் ஆனால் போடும் கேஸ், வரும். செக் திரும்பினால் அவர்கள் முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவார்கள், உங்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம். அந்த நேரத்தில் நீங்கள் வெளிநாட்டில் இருப்பீர்கள், நோட்டீஸ் வீட்டுக்கு வரும், அம்மா என்னவோ ஆஸ்பத்திரிக் கடிதம் என்று அலமாரியில் வைத்துவிடுவார். இப்போதே சொல்லி வையுங்கள், வக்கீல் பெயர் போட்ட கவர் எது வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று. ராஜினாமா கடிதத்திலேயே, இன்ன நம்பர் செக் ட்ரெயினிங் பாண்டுக்குச் செக்யூரிட்டியாக மட்டும் கொடுத்தது, நான் உங்களுக்குத் தர வேண்டிய கடன் எதுவும் இல்லை என்று எழுதிவிடுங்கள். பிரச்சினை வருவதற்கு முன் எழுதிய வரிக்கு, வந்த பிறகு எழுதும் பத்துப் பக்கப் பதிலைவிட மதிப்பு அதிகம். நம்பர் நினைவில்லை என்றால் மீதிச் செக் புக்கைப் பாருங்கள், கிழித்ததற்கு முன்னும் பின்னும் உள்ள நம்பரில் தெரியும்.

சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, அந்த ஒரு மாதமும் டியூட்டி பாருங்கள். கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபாலைத்தான் அதில் சேர்த்துவிட்டார்களே), கூடவே ஆஸ்பத்திரி மெயிலுக்கும்.

இந்த ஒரு மாதத்துக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது, நீங்கள் கேட்கவே இல்லை. கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை! ஐந்து வருடம் முடியவில்லை, கிடையாது என்று எச்.ஆர். சொல்லியிருந்தால் அது பாதி உண்மை. நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஐந்து வருடமாகவே எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது. உங்களுக்கு இப்போது நான்கு வருடம் ஒன்பது மாதம், சம்பளத்தோடு கூடிய லீவும் சேர்த்துத்தான் நாளை எண்ண வேண்டும், நோட்டீஸ் மாதமும் சேர்ந்தால் 240 தாராளமாகத் தாண்டும். டியூட்டி ரோஸ்டரை மாதாமாதம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சம்பளச் சிலிப் இருக்கட்டும்.

கணக்கு இப்படி. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். மொத்தச் சம்பளம் 20,800 என்றும் அதில் பேசிக் 7,800 மட்டும், மற்றதெல்லாம் அலவன்ஸ் என்றும் வைத்துக்கொள்வோம், நம் ஊர் சம்பளச் சிலிப்பெல்லாம் அப்படித்தானே இருக்கும். பழைய கணக்கில் 22,500 ரூபாய். ஆனால் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி அலவன்ஸ் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பங்கையும் ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். அப்போது ஊதியம் 10,400, கிராஜுட்டி 30,000. ஆஸ்பத்திரி பழைய கணக்கில்தான் நிற்கும், இரண்டாவது தொகையை எழுதிக் கேளுங்கள். இதைப் பாண்டுக்குக் கழித்துக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம், கிராஜுட்டியில் அப்படிக் கை வைக்க முடியாது. கடைசி மாதச் சம்பளமும் அதே மாதிரிதான், வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

பி.எஃப். பாஸ்புக்கையும் உமங் ஆப்பில் ஒரு தடவை பாருங்கள், பிடித்ததெல்லாம் கட்டியிருக்கிறார்களா என்று. எடுக்க அவசரப்படாதீர்கள், ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி வரும்.

இத்தனைக்கும் பிறகு ஒரிஜினல் வரவில்லை என்றால் ஒரு வக்கீல் நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு. பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் அவர்களுடைய வக்கீலுக்கும் 171-ஆம் பிரிவு தெரியும். முடியவில்லை என்றால் சர்டிபிகேட்டைத் திருப்பித் தரச் சொல்லி முன்சீப் கோர்ட்டில் வழக்கு, கூடவே இடைக்கால மனு, அதில் உங்கள் விசா தேதியை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போய் ரிட் மனு போடலாம் என்று யாராவது சொன்னால், தனியார் ஆஸ்பத்திரி மீது அது எளிதில் நிற்காது. போலீஸ் ஸ்டேஷனில் 'இது சிவில்மா' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஃபீஸ் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்குக் கூப்பிட்டாலும் போதும். போகும்போது பாண்டின் நகலும், அந்த வாட்ஸ்அப் இருக்கிற போனும், கடைசி ஆறு மாதச் சம்பளச் சிலிப்பும் எடுத்துப் போங்கள்.