பட்டன் இருக்கு, பிடிப்பு இல்லை

போன முறை பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி தரையோடு ஒட்டிப் போகிற வண்டிகளைப் பற்றித்தான், அதிலும் அவற்றின் டயரைப் பற்றி. சேலத்தில் இத்தனை ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். புது டயர் மாட்டி 14,000 கிலோமீட்டரில் பின்னால் இரண்டும் மொட்டை. முன்பு வைத்திருந்த காரில் ஒரே செட் 45,000 ஓடியது. மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? — பல் மருத்துவர், கன்னங்குறிச்சி

கட்டவில்லை. இந்த ரப்பர் மெது. மெதுவாக இருப்பதால் ரோட்டைக் கவ்வுகிறது, கவ்வுவதால் தேய்கிறது. பல டயர்களில் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். சாதாரண கார் டயரில் 400, 500 என்று பார்க்கலாம், ஸ்போர்ட்ஸ் டயரில் 200, 300. எண் குறைந்தால் ஆயுளும் குறைவு. உங்கள் வண்டியில் இழுவை முழுக்கப் பின்சக்கரத்தில். வாரம் தவறாமல் ஏற்காடு போவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் திரும்பியதும் ஒரு மிதி. இந்தக் கணக்கில் 14,000 நல்ல ஓட்டம்தான். பெட்ரோல் மாதிரி டயரையும் மாதச் செலவில் எழுதி வையுங்கள்.

கே: என் லாரி டயர்களை ரீட்ரெட் செய்துதான், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டித்தான், ஓட்டுகிறேன். பையனுடைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் செய்யலாமா? — லாரி உரிமையாளர், சங்ககிரி

கூடாது.

கே: முன் டயர் வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது, உள்பக்கம் கம்பி தெரிகிறது. ‘மலை ஏறி இறங்கினால் அப்படித்தான் சார்’ என்கிறார் கடைக்காரர். — ஐந்து ரோடு வாசகர்

மலை மேல் பழி போடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது. வளைவுகளில் வேகமாகத் திருப்பினால் முன் டயரின் வெளி ஓரம்தான் தேயும். உள் ஓரம் மட்டும் போனால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு, சக்கரம் நிற்கும் கோணம் சரியில்லை என்று அர்த்தம். பாதத்தை வெளிப்பக்கம் விரித்து நடப்பவரின் செருப்பைப் பாருங்கள், ஒரு பக்கமாகவே தேய்ந்திருக்கும். சக்கரமும் அதே கதை. ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனியே சக்கரத்தின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்திருப்பதால், ‘டோ’ அளவு (சக்கரம் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சிறிது தவறினாலும் உள் ஓரம் சீக்கிரம் போய்விடும். இன்னோர் இடத்தில் அலைன்மென்ட் பாருங்கள். செய்வதற்கு முன் ஓர் அளவுத் தாள், செய்த பிறகு ஓர் அளவுத் தாள், இரண்டையும் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். கம்பி தெரிகிற டயரில் இனி ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம்.

கே: மறைந்த என் கணவர் ஆசையாக வைத்திருந்த வண்டி. விற்க மனமில்லாமல் நானே ஓட்டுகிறேன். போன மாதம் நான்கு டயரும் புதிது என்று 1,10,000 ரூபாய் வாங்கினார்கள். என் தம்பி பார்த்துவிட்டு எல்லாம் 2019-இல் செய்தது என்கிறான். கடையில் கேட்டால், ‘ரப்பர் கெட்டா போகும்?’ என்று சிரிக்கிறார்கள். — அம்மாப்பேட்டை வாசகி

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்கள் தம்பி சொல்வது சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் 1119 என்று இருக்கிறது, 2019-ஆம் ஆண்டின் 11-வது வாரம் என்று அர்த்தம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமானது. அதிலிருந்து இந்த மாதிரி அபூர்வ அளவுகளுக்குத் தட்டுப்பாடு. மூலையில் கிடந்ததைப் பழையது என்று சொல்லி விலை குறைத்து விற்றால் வியாபாரம். புதிது என்று விற்றால் அதற்கு வேறு பெயர்.

நான்கு டயரின் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில் நகலோடு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். மாற்றித் தர பதினைந்து நாள் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள். அந்தச் சிரிப்பு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசை.

கே: எட்டு வருடத்தில் 11,000 கிலோமீட்டர்தான் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் உடனே அட்வான்ஸ் கொடுத்து, ராத்திரியே எடுத்து வந்துவிட்டேன். டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) நிறைய இருந்தது. ஆனால் மழையில் வழுக்குகிறது, ஸ்டீயரிங் அதிர்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? — சூரமங்கலம் வாசகர்

ராத்திரியில், செல்போன் வெளிச்சத்தில், ஒரு தெருகூட ஓட்டிப் பார்க்காமல். அந்த வெளிச்சத்தில் மாம்பழம்கூட வாங்க மாட்டீர்களே தம்பி! விற்றவர் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் எதையும் கேட்கவில்லை. பணம் வராது.

‘ஓடாத வண்டி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். காரணம், அதில் விழுந்தவன் நான். 2017-இல் ஒரு சிவப்பு ஜெர்மன் கார், ஏழு வருடம் பழசு, 13,000 கிலோமீட்டர். பட்டன் ஆழம் ஆறு மில்லிமீட்டர் என்று அளந்து பார்த்துப் பெருமைப்பட்டேன். ஜூலைத் தூறலில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசியில், முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது, பின்பக்கம் தனியாகக் கிளம்பி முன்னால் வந்தது. வண்டி மலையைப் பார்த்து நின்றது. எதிரே பஸ் வரவில்லை, அதனால் இந்தப் பத்தி வருகிறது. கீழே வந்து டயரில் நகத்தை அழுத்தினேன், பதியவே இல்லை. தயாரித்த வாரம், வருடம் சொல்லும் எண்ணைத் தேடினால் வெளிப்பக்கம் காணோம். சில டயர்களில் அது உள்பக்கம்தான் இருக்கும், குனிந்து தேட வேண்டும். 0910. வண்டியோடு வந்த அதே டயர். பின் ஜோடி மட்டும் 65,000 ரூபாய் தண்டம்.

ரப்பர் ஓடினால்தான் தேயும், ஆனால் நின்றாலும் கெட்டிப்படும். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் சோதனை, பத்து ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்று என்பது டயர் கம்பெனிகளே சொல்வது. ஸ்போர்ட்ஸ் காருக்கு என் கணக்கு ஆறு. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும், ஆனால் சட்டம் நகத்தை அழுத்திப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாகிவிடும், உங்கள் ஸ்டீயரிங் அதிர்வு அதனாலும் இருக்கலாம். முப்பது கிலோமீட்டர் ஓடியும் போகவில்லையென்றால் அது போகாது. எப்படியும் நான்கையும் மாற்றத்தான் போகிறீர்கள்.

கே: பிஎம்டபிள்யூ இசட்4. முன்னால் 225, பின்னால் 255. தேய்மானம் சமமாக முன்பின் மாற்றிப் போடலாமா? — அஸ்தம்பட்டி வாசகர்

அகலமே வேறு, எப்படி மாற்றுவீர்கள்? பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் இடது வலதுகூட அப்படியே மாற்ற முடியாது. தேய்ந்ததை ஜோடியாக வாங்குங்கள்.

கே: அடிவாரத்தில் டயருக்குக் காற்று 33 பிடித்தேன், ஏரிக்கரையில் பார்த்தால் 37. காற்றை இறக்கிவிட்டேன். சரிதானே? — கோரிமேடு வாசகர்

தப்பு. ஏறி வந்த சூட்டில் டயர் உள்ளே காற்று விரியும். போதாததற்கு ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், வெளிக்காற்று லேசாக இருப்பதால் கேஜ் ஒன்றிரண்டு கூட்டிக் காட்டும். காலைக் குளிரில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள், குறைந்திருக்கும். அப்படியே இறங்கினால் டயரின் ஓரம்தான் அடிபடும்.

கே: காப்பித் தோட்டம் நாகலூர் பக்கம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

வாங்கலாம். சேலத்தில் நிறுத்திவிட்டு ஜீப்பில் மேலே போகலாம்.

கே: என் காரில் ஸ்டெப்னியே இல்லை, ஓட்டையை அடைக்கும் திரவம் ஒரு பாட்டிலும் சின்ன பம்ப்பும்தான். பஞ்சரானால் போதுமா? — மெய்யனூர் வாசகர்

ஆணி குத்திய ஓட்டைக்குப் போதும். பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், இன்றைக்கே பாருங்கள். நான் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் அதைத் திறந்தேன், உள்ளே கெட்டித் தயிர். தாழ்ந்த வண்டி என்பதால் கயிறு கட்டி இழுக்க வழியில்லை, தூக்கி ஏற்றும் வண்டிதான் வர வேண்டும். வர மூன்று மணி நேரம். அதற்குள் கையில் இருந்த தட்டுவடை செட்டைக் குரங்குகள் தீர்த்துவிட்டன.