விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை

கேள்வி: வணக்கம் சார். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கொடுத்த பணத்தோடு ஸ்காலர்ஷிப் பணத்தையும் சேர்த்து, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு கணினி பொருத்தினேன். ரைசன் 5 5600 புராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு (3600 வேகம்), தனி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ். மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஞாயிறு இரவு முறையாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுத்தேன். திங்கள் காலை பட்டனை அழுத்தினால் விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, கலர் விளக்கும் எரிகிறது, ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைக்காரரிடம் போனில் சொன்னதற்கு 'போர்டு போயிருக்கும்' என்கிறார். வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது. உண்மையிலேயே போர்டுதானா?
— கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: தம்பி, இப்போதைக்கு எந்தப் பாகத்தையும் புதிதாக வாங்க வேண்டாம். மூன்று வாரம் நன்றாக ஓடிய கணினி ஒரே இரவில் இப்படி நின்றால், பெரும்பாலும் எங்கோ ஒன்று தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு செட்டிங் ஒத்துவராமல் போயிருக்கும். போர்டும் போயிருக்கலாம்தான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வர வேண்டிய முடிவு அது. கணினியைக் கண்ணால் பார்க்காமல் போனில் சொல்லிவிடக் கூடியது இல்லை.

விசிறி சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 12 வோல்ட் வந்தால் விசிறி சுற்றும், அவ்வளவுதான். நீங்கள் பட்டனை அழுத்தியதும் போர்டு, மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. அது 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் நிலைக்குக் கொண்டுவந்து, எல்லாம் சரி என்று போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் புராசஸர், போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கத் தொடங்குகிறது. பயாஸ் ரேமைச் சோதிக்கும், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டு, கடைசியாகத்தான் விண்டோஸ் இருக்கும் டிஸ்க். உங்கள் கணினி இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்குக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பட்டனை அழுத்தி ஒரு நிமிடம் விட்டு, கீபோர்டில் நம் லாக் (Num Lock) விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, படம் வரும் பாதையில்தான் கோளாறு. உங்கள் 5600 புராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் எந்தக் காலத்திலும் படம் வராது. மேசையைத் துடைக்கும்போது வீட்டில் யாராவது கேபிளைக் கழற்றி, கார்டில் செருகுவதற்குப் பதிலாக மேலே போர்டில் செருகியிருக்கலாம். இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தட்டினாலும் நம் லாக் அசையவில்லை என்றால் கணினி கீபோர்டு வரைக்கும்கூடப் போகவில்லை என்று அர்த்தம். விண்டோஸையும் எஸ்எஸ்டியையும் சந்தேகப்படத் தேவையில்லை.

அடுத்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு, போர்டைப் பாருங்கள். பி550 போர்டுகள் பலவற்றில் வலது ஓரத்தில், தடிமனான 24 பின் கேபிள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கடுகளவு நான்கு விளக்குகள் இருக்கும். சிபியு (புராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று பொடி எழுத்தில் பெயர் போட்டிருக்கும். பட்டனை அழுத்தியதும் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்துகொண்டே போகும். எது அணையாமல் நிற்கிறதோ, அந்தப் படியில்தான் கணினி மாட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டிராம் விளக்கு நிற்கும் என்றுதான் நினைக்கிறேன், அதாவது ரேம். இரண்டு காரணம் சொல்கிறேன். இப்போதைய பல போர்டுகளில் ரேம் துளையின் ஒரு முனையில் மட்டும்தான் பூட்டும் காது இருக்கும், மறுமுனை அசையாத பிளாஸ்டிக். முதல் முறை பொருத்துகிறவர்கள் காது இருக்கும் பக்கம் 'டக்' என்ற சத்தம் கேட்டதும் விட்டுவிடுகிறார்கள், அசையாத பக்கம் ஒரு மயிரிழை மேலே தூக்கி நிற்கும். அப்படியும் ஓடும், நாள்கணக்கில் ஓடும். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு நாள் காலையில் ஒரே ஒரு பின் தொடுப்பு விட்டால் போதும், நீங்கள் சொல்லும் அதே நிலைமைதான். இரண்டாவது, அந்த 3600 வேகம். இந்த வரிசைப் புராசஸர்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 3200 வரைதான். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்கான எக்ஸ்எம்பி போட்டு 3600-ல் ஓட்டினால் பெரும்பாலும் ஓடும், ஆனால் விளிம்பில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சரி, செய்ய வேண்டியது. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும். கேபினெட்டில் பெயிண்ட் இல்லாத இரும்பு ஒன்றைத் தொட்டுவிட்டு ரேம் இரண்டையும் கழற்றுங்கள். கடைகளில் பென்சில் அழிப்பான் வைத்துத் தேய்ப்பார்கள், மூன்று வாரப் புது ரேமுக்கு அது வேண்டாம், தங்கப் பூச்சுதான் தேயும். ஒரே ஒரு ரேமை மட்டும், புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் வைத்து, இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் மாறி மாறி நன்றாக அழுத்துங்கள். போர்டு லேசாக வளைகிற மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம். துளை மேல் விளிம்புக்கும் ரேமுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கண்ணைத் துளையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆன் செய்து குறைந்தது மூன்று நிமிடம் காத்திருங்கள். வரவில்லையா, மற்ற ரேம். அதுவும் வரவில்லை என்றால் பயாஸை ரீசெட் செய்யுங்கள்: மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டின் கையேட்டில் கிளியர் சிமாஸ் என்று காட்டியிருக்கும் இரண்டு பின்களை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து வினாடி சேர்த்துத் தொடுங்கள், அல்லது வட்டமான சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். எக்ஸ்எம்பி உட்பட நீங்கள் போட்ட செட்டிங் எல்லாம் அழிந்து ரேம் அதன் அடிப்படை வேகத்துக்கு வந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆத்திரத்தில் நான்கு பாகத்தை ஒன்றாகக் கழற்றி மாட்டி, அது ஓடவும் செய்துவிட்டால், எதனால் நின்றது என்று கடைசி வரை தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நிற்கும்.

புராசஸர் பக்கம் மட்டும் இப்போது போகாதீர்கள். உங்களுடையது ஏஎம்4 என்ற சாக்கெட் வகை, பின் எல்லாம் புராசஸரின் அடியில் இருக்கும். கூலரை நேராக இழுத்தால் பசையோடு ஒட்டிக்கொண்டு புராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டம் வந்தால், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பசையின் பிடியை விடுவித்த பிறகு எடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். கூடவே வந்த பளபளப்பான பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக் கூடும். கூலர், ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு, 24 பின், புராசஸருக்கான 8 பின், கார்டுக்கான பவர் கேபிள் மட்டும் போதும். பவர் சுவிட்ச் வயர் வரும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். இப்படி வெளியில் ஓடுகிறது, உள்ளே வைத்தால் ஓடவில்லை என்றால் குற்றவாளி கேபினெட்தான். எனக்கே இது நடந்திருக்கிறது. போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கி ஒன்றைத் துளை இல்லாத இடத்தில் விட்டுவைத்திருந்தேன். இரண்டு மாதம் எதையும் தொடாமல் நின்ற அது, மேசையை நகர்த்திய அன்று போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஈயப் பற்று ஒன்றில் பட்டுவிட்டது. போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது அந்த இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தடம் இருந்தது. அதற்கு முன் ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப்பட்டு நான்கு நாள் போயிற்று.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினால் அதன் கேபிள்களையும் சேர்த்து வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் உள்ளே வயர் வரிசை மாடலுக்கு மாடல் வேறு, மாற்றிச் செருகினால் டிஸ்க் கருகிவிடும். மல்ட்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் காட்ட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாம் முடிந்தும் டிராம் விளக்கோ சிபியு விளக்கோ நகரவில்லை என்றால், அப்போது பில்லோடு கடைக்குப் போங்கள். "இரண்டு ரேமையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், பயாஸ் ரீசெட் செய்தேன், கேபினெட்டுக்கு வெளியே வைத்தும் பார்த்தேன், இந்த விளக்கிலேயே நிற்கிறது" என்று அந்தத் தாளைக் காட்டுங்கள். மூன்று வாரம்தானே ஆகிறது, எல்லாம் வாரன்டியில் இருக்கிறது. அப்பாவிடமும் இதையே சொல்லிவிடுங்கள் தம்பி, காசு எங்கும் போய்விடவில்லை.

கேள்வி: வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஏஎம்5 போர்டில் 32 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு போட்டுப் புதுக் கணினி. நேற்று பயாஸ் அப்டேட் செய்தேன், 100 சதவீதம் முடிந்து தானாக ரீஸ்டார்ட் ஆனது, அதன் பிறகு திரை கறுப்பு. ஏழெட்டு முறை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டேன். போர்டைக் கெடுத்துவிட்டேனா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கெடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் இங்கே முக்கியம். டிடிஆர்5 ரேமை முதல் முறை பார்க்கும்போதும், பயாஸ் மாறிய பிறகும், போர்டு அந்த ரேமோடு எந்த நேர அளவில் பேசுவது என்று ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துப் பழகிக்கொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகவே இருக்கும், 64 ஜிபிக்குப் பல நிமிடங்கள் பிடிக்கலாம், இடையில் தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரியவும் செய்யும். நடுவில் நீங்கள் அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். ஆன் செய்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், 15 நிமிடம் பட்டனைத் தொடாதீர்கள்.

அதற்கும் வரவில்லை என்றால், மேலே தம்பிக்குச் சொன்னபடி பயாஸ் ரீசெட், ஒற்றை ரேம். அதுவும் இல்லை என்றால் போர்டின் பின்பக்கம் பயாஸ் பிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் திரையே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸை மறுபடி ஏற்றலாம். அந்த வேலையை யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய கணினியில் இருந்த ஹார்டு டிஸ்க்கைப் புதுக் கணினியில் மாட்டியிருந்தேன். விண்டோஸ் புது எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் சத்தம் போடுகிறதே என்று நேற்று கழற்றினேன், கணினி பூட் ஆகவில்லை, நேராக பயாஸுக்குப் போய் நிற்கிறது. எஸ்எஸ்டி பயாஸில் தெரிகிறது. இது எப்படி?
— வாசகர், ஈரோடு

பதில்: விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தொடங்கிவைக்கும் சின்னப் பகுதி ஹார்டு டிஸ்க்கில் இருந்திருக்கும். விண்டோஸ் போடும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால், ஏற்கனவே பூட் பகுதி இருக்கும் டிஸ்க்கையே அது பிடித்துக்கொள்வது சகஜம். வீடு ஓர் ஊரில், சாவி வேறு ஊரில் இருக்கிற கதை.

ஹார்டு டிஸ்க்கை மறுபடி மாட்டுங்கள், பூட் ஆகிவிடும். ஆனதும் முதல் வேலையாக இரண்டு டிஸ்க்கிலும் உள்ள முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள், சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கை ஒரு நாள்கூட நம்ப முடியாது. எஸ்எஸ்டியில் பூட் பகுதியைத் தனியாக உருவாக்கவும் வழி உண்டு, ஆனால் கட்டளை அடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் பார்ட்டிஷனில் கைவைத்து மொத்தத்தையும் இழப்பதைப் பார்த்திருக்கிறேன். புதுக் கணினி என்பதால் உங்களுக்கு நான் சொல்வது, ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். அது முடிந்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு மற்ற டிஸ்க்குகளை மாட்டுங்கள்.