பிரகாசமான நட்சத்திரம் எதுவானாலும் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி ஒளிர வைத்துவிடுமா?

முடியாது. சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்குப் பெயர் தந்த திருவாதிரையே இதற்குச் சாட்சி. சூரியனைவிடப் பல பத்தாயிரம் மடங்கு ஒளி வீசுகிறது. மேற்பரப்பு வெப்பமோ சுமார் 3,500 கெல்வின்தான். சுற்றியுள்ள வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன்; அந்த ஒளியால் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க இயலாது.

மார்கழியில் மழை ஓய்ந்த ஓர் இரவில் கடலூர் சில்வர் பீச்சில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். கடலுக்கு மேலே செந்நிறமாகத் திருவாதிரை. அதற்கு வலப்புறம் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கும் வலப்புறம், பைனாகுலரில் சாம்பல் நிறப் புகைத்திட்டு ஒன்று தெரியும். 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் அது. சிறிய தொலைநோக்கி இருந்தால் நடுவே நான்கு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்பதைக் காணலாம். என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த நால்வரைத்தான். அவர்களில் ஒன்று ஏறத்தாழ 39,000 கெல்வின் வெப்பம் கொண்டது. நெபுலாவைப் பெரும்பாலும் ஒளிர வைப்பது அந்த ஒற்றை நட்சத்திரமே.

ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும், அதாவது 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளி. பஸ் கட்டணம் போல, இதை ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) தனியாகவே கட்ட வேண்டும். பத்துப் பேர் பங்கு போட்டுக் கட்ட வழியில்லை. 20 கொண்டுவந்தால் மீதிச் சில்லறையான 6.4, பிரிந்த எலக்ட்ரானின் வேகமாகிவிடும். அது மற்றத் துகள்களோடு மோதி அந்த ஆற்றலைப் பகிர்வதுதான் வாயுவின் வெப்பம்.

அப்படியானால் வெப்பம் ஏறிக்கொண்டே போக வேண்டுமே? போவதில்லை, 10,000 கெல்வின் அருகே நின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வாயுவில் துளியளவே கலந்திருக்கும் ஆக்சிஜன் அயனிகள் (எலக்ட்ரான் இழந்த அணுக்கள்), மோதலில் பெற்ற ஆற்றலை 500.7 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. 1864-ல் வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தபோது இந்தப் பச்சைக் கோட்டைக் கண்டார். எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்றொரு புதுத் தனிமம் இருப்பதாகவே பின்னர் நம்பினார்கள். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927-ல் இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார். நம் ஆய்வகக் காற்றின் அடர்த்தியில் அடுத்த மோதல் வந்து அந்த ஒளியைத் தடுத்துவிடும். நெபுலாவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்களே இருப்பதால் அது தப்பி வருகிறது.

சூடேறிய வாயு விரிந்து, சுற்றியுள்ள குளிர்ந்த மேகத்தைத் தள்ளும். நட்சத்திரத்திலிருந்து வேகமாக வீசும் துகள்களான நட்சத்திரக் காற்றும் சேர்ந்துகொண்டால் சில இடங்களில் வெப்பம் பத்து லட்சம் கெல்வினையும் தாண்டும்.

ஒரே நட்சத்திரம் இத்தனை செய்தால், இதே வகையில் 60-க்கும் மேற்பட்டவை கூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கரீனா நெபுலாவைப் பாருங்கள். தில்லியில் அடிவானத்தைத் தாண்டி எழவே அது திணறும். கடலூரிலும் புதுச்சேரியிலும் பங்குனி இரவுகளில் தெற்கே சுமார் 18 டிகிரி உயரத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும்.