கரையிலிருந்து ஸ்னூக், டார்பன்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

ஃபுளோரிடாவில் கடற்கரையிலும் பாலத்தடியிலும் நின்று தூண்டில் போடும் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறினை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: டாம்பாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் பழவேற்காட்டில் தங்கூசியைக் கையில் சுற்றி மீன் பிடித்தவன் நான். இங்கே இரவில் பாலத்து விளக்கடியில் ஸ்னூக்கும் டார்பனும் அடிப்பதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஒரு கடையில் கம்பும் ரீலும் சேர்ந்து 60 டாலர். இன்னொரு கடைக்காரர் 450 டாலருக்குக் குறைந்த எதுவும் உதவாது என்கிறார். இரண்டு மீனுக்கும் ஒரே செட் போதுமா?

பதில்: போதாது. அதற்காக இன்றே இரண்டு செட் வாங்கவும் வேண்டாம். ஸ்னூக்குக்கு மட்டும் ஒன்று வாங்கி ஒரு வருடம் பழகுங்கள்.

நம் ஊர்க் கொடுவாவைப் பார்த்தவருக்கு ஸ்னூக் அந்நியமாகத் தெரியாது. அதே சாய்ந்த நெற்றி, முன்னே நீண்ட கீழ்த்தாடை. பக்கவாட்டில் மட்டும் கரிக்கோடு இழுத்ததுபோல ஒரு கறுப்பு வரி. டார்பன் வேறு கணக்கு. வளர்ந்த டார்பன் 80 முதல் 120 பவுண்டு வரை சாதாரணமாகவே இருக்கும். ஸ்னூக் கம்பில் அது மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுபறி நடக்கும். அவிழ்த்துவிடும்போது அந்த மீனுக்கு நீந்தவே தெம்பு இருக்காது. பின்னாலேயே சுற்றும் சுறாவுக்கு இரையாகிவிடும். டார்பனுக்குக் கனமான செட் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஸ்னூக்குக்கு ஏழு அல்லது ஏழரை அடிக் கம்பு, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரெய்டு நூல் (மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது) போதும். ரீலுக்கு நூறு டாலரை ஒட்டியும், கம்புக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் ஒதுக்கினால் பல வருடம் உழைக்கும் பொருள் கிடைக்கும். 450 டாலர் செட் நல்ல பொருளாகவே இருக்கலாம். தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. 60 டாலர் செட்டை நன்னீர் ஏரிக்கு எடுத்துப் போங்கள், உப்புத் தண்ணீருக்கு வேண்டாம். ரீலின் கம்பி வளையத்தில் நூல் உருண்டு போகும் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மலிவான ரீல்களில் முதலில் உப்பு பிடித்து நிற்பது அதுதான். அது சுழலாமல் நின்றுவிட்டால் நூல் ஒரே இடத்தில் உரசி உரசி நைந்துபோகும். வெளியே பார்த்தால் ரீல் புதிதாகவே தெரியும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பேரிங் எண்ணிக்கை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். மட்டமான பத்து பேரிங்கை விட, உப்பு புகாமல் மூடிய நல்ல ஐந்து பேரிங் மேல். பார்க்க வேண்டியது நீர் புகாத் தரம்: ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று குறித்திருந்தால் அது பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்குமா என்று சோதித்த அளவீடு. 'உப்புநீருக்கு ஏற்றது' என்ற வெறும் வாசகத்துக்கு அப்படி எந்த அளவுகோலும் கிடையாது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியே போக வேண்டும் என்று வைக்கும் டிராக் திருகைப் பாதி இறுக்கி, நூலை விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். தொடக்கத்திலிருந்தே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முதலில் அடம்பிடித்து, பிறகு திடீரென்று விடுகிறது என்றால் அந்த ரீலை அங்கேயே வைத்துவிடுங்கள். மீன் முதல் பாய்ச்சல் பாயும் நொடியில் நூல் அறுவது அந்தத் தயக்கத்தால்தான்.

கேள்வி: மூன்று முறை ஸ்னூக் மாட்டி மூன்று முறையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஃபுளோரோகார்பன் (உரசலைத் தாங்கும் ஒருவகைத் தூண்டில் நூல்) என்று போட்டிருந்த 200 கஜச் சுருளை 12 டாலருக்கு வாங்கி லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் வரும் தடித்த முனை நூல், கட்டியிருந்தேன். என்னை ஏமாற்றிவிட்டார்களா? — ஃபோர்ட் மையர்ஸ் வாசகி

பதில்: முதலில் அறுந்த முனையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள் அம்மா. முனை பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. நூலைக் குற்றம் சொல்ல முடியாது. பஞ்சுபோலப் பிசிறடித்திருந்தால் பாலத்துத் தூணிலோ சிப்பியிலோ உரசியிருக்கிறது. கத்தியால் நறுக்கியதுபோல இருந்தால் ஸ்னூக்கின் செவுள் மூடி வெட்டியது. அந்த மூடியின் விளிம்பு அத்தனை கூர்மை. மீனைக் கையில் எடுத்தால் அங்கே விரலை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் சுருளைப் பொறுத்தவரை, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'ஃபுளோரோகார்பன் பூசியது' அல்லது 'கலப்பு' என்று சின்ன எழுத்தில் இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் நைலான், நம் தங்கூசிதான். வெறும் பொய் என்று வழக்குப் போட முடியாது. வாங்குகிறவர் பின்பக்கத்தைத் திருப்பமாட்டார் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் அது. எனக்கு இதில் கோபம் உண்டு. 'நூறு சதவீதம் ஃபுளோரோகார்பன்' என்றும் 'லீடர்' என்றும் தெளிவாகப் போட்ட 25 கஜச் சுருளை வாங்குங்கள். கஜக் கணக்கில் விலை அதிகமாகத் தெரியும். ஆனால் ஒரு லீடருக்கு இரண்டு, மூன்று அடிதான் செலவு. திறந்த கரையில் 30 அல்லது 40 பவுண்டு, பாலத்தடியில் 50 அல்லது 60. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஓரடியை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பிரெய்டு பெட்டியில் 20, 6 என்று இரண்டு எண்கள் இருக்கும். தாங்கும் எடை 20 பவுண்டு, தடிமன் 6 பவுண்டு தங்கூசி அளவு என்று பொருள். இந்த மெல்லிய நூலை, ரீலில் நூல் சுற்றும் வழவழப்பான உருளையான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் அது மொத்தமாக வழுக்கிச் சுழலும். முதல் வருடம் எனக்கு அதுதான் நடந்தது. மீன் இழுக்கிறது, ரீலின் கைப்பிடியைச் சுற்றுகிறேன், நூல் ஒரு அங்குலம்கூட உள்ளே வரவில்லை. டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கே போய்விட்டேன். அங்கிருந்த பெரியவர் ஸ்பூலைக் கையில் வாங்கி, நூல் மூட்டையை அப்படியே மோதிரம்போலச் சுழற்றிக் காட்டினார். அடியில் பத்துப் பன்னிரண்டு சுற்றுத் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டைச் சுற்றினால் தீர்ந்தது. செலவு கால் டாலர்கூட இல்லை.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவுக்கு 68 வயது. 65 வயதுக்கு மேல் உரிமம் வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். பிடித்ததை விட்டுவிடப் போகிறோம் என்றால் எனக்கும் வேண்டாமாமே? — ஜாக்சன்வில் வாசகர்

பதில்: இரண்டும் தவறு. 65 வயதுச் சலுகை ஃபுளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அப்பா விருந்தினர், அவருக்கு வெளியூர்க்காரர் உரிமம் வேண்டும். மூன்று நாளுக்கு 17 டாலர், ஏழு நாளுக்கு 30, வருடத்துக்கு 47. இரண்டு வாரம் கம்பு பிடிக்க நினைத்தாலே வருட உரிமம்தான் லாபம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். பிடித்து விடுவதற்கும் உரிமம் தேவை. தூண்டில் தண்ணீரில் விழுந்தாலே மீன்பிடித்தல்தான்.

உங்களுக்கு ஃபுளோரிடா ஓட்டுநர் உரிமம் இருந்தால், கரையிலிருந்து பிடிக்கும் உரிமம் இலவசம். இலவசம் என்றாலும் எடுத்து வைத்திருக்க வேண்டும். படகில் போய் ஒரு தீவில் இறங்கி அங்கிருந்து வீசினால் அது செல்லாது. அதற்கு 17 டாலர் வருட உரிமம். ஸ்னூக்கை வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்தால் 10 டாலர் ஸ்னூக் அனுமதி தனி.

இவற்றை மாநில மீன்வள ஆணையத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலோ செயலியிலோ, கவுண்டி வரி அலுவலகத்திலோ, தூண்டில் கடையிலோ வாங்குங்கள். தேடினால் 'உரிமம் பெற உதவுகிறோம்' என்று வேறு தளங்கள் மேலே வந்து நிற்கும். இலவச உரிமத்துக்கே 'சேவைக் கட்டணம்' என்று பத்து, இருபது டாலர் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அப்பாவின் பயணத்தை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் ஒரு யோசனை: ஜூன் மாத முதல் சனி, ஞாயிறு, செப்டம்பர் முதல் சனி, நன்றி நவிலல் நாளை அடுத்த சனி ஆகிய நான்கு நாட்களும் கடலில் உரிமம் இல்லாமலே எல்லோரும் பிடிக்கலாம். அளவும் பருவமும் பற்றிய விதிகள் அன்றைக்கும் உண்டு.

கேள்வி: 230 டாலர் ரீல் இணையச் சந்தை ஒன்றில் 140 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும். விற்பது மூன்றாம் நபராக இருக்கலாம். ரீல் நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் ரசீது இருந்தால்தான் உத்தரவாதத்தை ஏற்கும். ஜப்பான் சந்தைக்கென்று தயாரித்த ரீல் இங்கே வந்து விற்கப்பட்டால், பொருள் அசலாகவே இருந்தாலும் இங்குள்ள சர்வீஸ் மையம் கைவிரித்துவிடலாம்.

15 டாலருக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு எழுத்து மூலமான உத்தரவாதம் இருந்தால், அதை வாங்குவதற்கு முன்பே படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். பணத்தைக் கடன் அட்டையில் கட்டினால், போலி வந்தாலும் வங்கியிடம் முறையிட வழி இருக்கும்.

போலி அதிகம் நடமாடுவது ரீலில் மட்டுமல்ல, பிரெய்டு நூலிலும்தான். அதில் 10 டாலர் மிச்சம் பிடிக்கப் போய், மீனோடு 15 டாலர் லூரையும் (செயற்கை இரை) இழப்பீர்கள்.

கேள்வி: டார்பன் பிடிக்க 51.50 டாலர் கொடுத்து அட்டை வாங்க வேண்டும் என்று தெரிந்தவர் சொல்கிறார். பிடித்தால் மணலில் கிடத்தி மகனோடு ஒரு படம் எடுக்கவும் ஆசை. — நேப்பிள்ஸ் வாசகர்

பதில்: அட்டை உங்களுக்கு வேண்டாம். உலக சாதனைக்காக ஒரு டார்பனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு மட்டுமே அது. அதுவும் ஆளுக்கு வருடத்துக்கு ஒன்று. 2013 முதல் டார்பனைப் பிடித்து விட்டுவிட மட்டுமே அனுமதி.

படத்தை மணலில் எடுக்கக் கூடாது. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதே சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த மீனைப் பாருங்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. உங்களைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம். தண்ணீருக்குள் தன் எடை தெரியாமல் வாழ்ந்த உடலை மணலில் இழுத்தால் உள்ளுறுப்புகள் நசுங்கும், மேலிருக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்துபோகும். முழங்கால் தண்ணீரில் மகன் அதன் பக்கத்தில் நிற்கட்டும், நீங்கள் கரையிலிருந்து எடுங்கள். அதைவிட நல்ல படம் அமையாது.

அட்டைக்கு வைத்த 50 டாலரில் நீளக் கைப்பிடியுள்ள முள் கழற்றியும், துருப்பிடிக்காத நல்ல குறடும், ஒரு பாக்கெட் வட்ட முள்ளும் வாங்குங்கள். வட்ட முள் வாயோரத்தில் பிடிக்கும், தொண்டைக்குள் போவது குறைவு. ஒன்று மட்டும் பழக வேண்டும்: மீன் கடித்ததும் கம்பை வெடுக்கென்று இழுக்காமல், நூல் இறுகும்வரை ரீலைச் சுற்றினாலே போதும். டார்பன் துள்ளும்போது கம்பு முனையை அதை நோக்கித் தாழ்த்தி நூலைத் தளர்த்துங்கள். காற்றில் தலையை உதறும் அந்த எடையை இறுகிய நூல் தாங்காது.

செட் வாங்குவதானால் எட்டடிக் கனத்த கம்பு, 8000 அளவு ரீல், 50 பவுண்டுக்குக் குறையாத பிரெய்டு 300 கஜம், 80 பவுண்டு லீடர். அரத்தைப் போன்ற அதன் வாய்க்கு அதைவிட மெல்லியது நிற்காது.

கேள்வி: ஸ்னூக் ருசியாக இருக்குமாமே, மீன் கடையில் ஏன் கிடைப்பதில்லை? — ஆர்லாண்டோ வாசகி

பதில்: 1957 முதல் ஃபுளோரிடாவில் ஸ்னூக் விற்பனைக்குத் தடை. யாராவது வண்டியில் வைத்து விற்றால் வாங்காதீர்கள். பிடித்தவரே சாப்பிடலாம், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்று, அட்லாண்டிக் பக்கம் 28 முதல் 32 அங்குலம், வளைகுடாப் பக்கம் 28 முதல் 33 அங்குலம். கோடையிலும் கடுங்குளிரிலும் எடுக்கவே கூடாத பருவங்கள் உண்டு. தேதிகள் பகுதிக்குப் பகுதி மாறும், போகும் அன்று காலை ஆணையத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரிக் குளிரில் ஸ்னூக் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததால், வளைகுடாப் பக்கம் 2013 வரை யாரும் ஒன்றுகூட எடுக்க முடியாதிருந்தது. பெரிய மீன்களை விடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்னூக் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள்.

நாக்கு கேட்டால் கடையில் பாரமுண்டி என்று விற்பதை வாங்குங்கள். நம் கொடுவாவேதான் அது. என்றாவது விதிப்படி ஒரு ஸ்னூக் கிடைத்தால், குழம்பு வைக்குமுன் தோலை முழுவதும் உரித்துவிடுங்கள். தோலோடு சமைத்தால் சோப்பு வாடை அடிக்கும். ஒரு காலத்தில் இங்கே அதைச் 'சோப்பு மீன்' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும், உடையாது. புளி சற்றுக் குறைவாக இருக்கட்டும்.