‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்: மென்பொருள் பராமரிப்பு கேள்வி-பதில்

இம்முறை கேள்விகளில் பெரும்பகுதி கொழும்பின் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம்.

எங்கள் மருத்துவ நிலையத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்தால் பிறந்த திகதி தானாக வரும். சிலருக்கு மட்டும் ஒரு நாள் பிந்திக் காட்டுகிறது. மென்பொருள் செய்தவர், நாங்கள் இலக்கத்தைப் பிழையாக அடிப்பதாகச் சொல்கிறார். (கொட்டாஞ்சேனை)

பிழையாக அடித்திருந்தால் திகதி எங்கெங்கோ போயிருக்கும்; எல்லோருக்கும் ஒழுங்காக ஒரே ஒரு நாள் பிந்தாது. ஒரு சோதனை செய்யுங்கள். திகதி பிழைத்தவர்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அதில் ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். 1988, 1992 போன்ற லீப் வருடங்களில் பிறந்தவர்களும் இருக்கமாட்டார்கள்.

காரணம் இதுதான். நமது இலங்கை அடையாள அட்டை இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கின்றன. பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்படும். ஆனால் அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாட்கள். ஆகவே 1990 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 561 வரும். உங்கள் நிரலாளர் 500ஐக் கழித்துவிட்டு, 1990ஆம் ஆண்டின் 61ஆவது நாள் எது என்று கணினியிடம் கேட்டிருக்கிறார். கணினி மார்ச் 2 என்கிறது. அது தன் கணக்கில் சரி, நமது அட்டையின் கணக்கில் பிழை.

திருத்துவது சில வரி வேலை. ஆபத்து அதற்குப் பிறகுதான். ‘எல்லோருக்கும் ஒரு நாளைக் கழித்துவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் இத்தனை காலமும் பல திகதிகளைக் கையால் திருத்தியிருப்பார்கள். அவை மீண்டும் பிழைத்துப்போகும். இலக்கத்திலிருந்து திகதியைப் புதிதாகக் கணித்து, பதிவிலுள்ளதோடு ஒப்பிட்டு, வேறுபடுபவற்றை மட்டும் ஒரு பட்டியலாக எடுங்கள். அதை ஒரு மனிதர் பார்த்துத் தீர்மானிக்கட்டும். அப்படியே, 2016இல் வந்த 12 இலக்க எண்ணையும், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணையும் ஒரே ஆளுடையவை என்று அந்த மென்பொருள் அறிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் இருக்கும்.

மென்பொருளில் வற் (பெறுமதி சேர்) வரியை 18 சதவீதமாக மாற்றித் தந்தார்கள். இப்போது 2023 பில்களை மீண்டும் அச்சிட்டால் அவற்றிலும் 18 விழுகிறது. கணக்காளர் தலையில் அடித்துக்கொள்கிறார். (புறக்கோட்டை, துணிக்கடை)

அடித்துக்கொள்ள நியாயம் இருக்கிறது. இந்நாட்டில் வற் வரி 2022 ஜூன் 1இல் 12, அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18 சதவீதம் என்று மாறியது. இதற்குப் பிறகும் வீதத்தை ஓர் எண்ணாக நிரலுக்குள் எழுதி வைப்பவர் எங்கிருந்து வந்தாரோ தெரியவில்லை. 15ஐ அழித்து 18 என்று எழுதியது திருத்தம் ஆகாது. அடுத்த மாற்றத்திலும் இதே கூத்து நடக்கும்.

இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, வீதங்கள் ‘இன்ன திகதியிலிருந்து இவ்வளவு’ என்று ஓர் அட்டவணையில் இருக்க வேண்டும். அதை நீங்களே மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, விற்ற பில் ஒவ்வொன்றும் அன்றைய வீதத்தையும் வரித்தொகையையும் தன்னோடு சேமித்து வைக்க வேண்டும். மறுபடி அச்சிடும்போது கணக்குப் போடவே கூடாது, சேமித்ததை அப்படியே எடுத்துத் தர வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நீங்கள் காட்ட வேண்டியது அன்று வாடிக்கையாளர் கையில் கொடுத்த பில்லைத்தான். 2024 ஜனவரியில் அதுவரை விலக்கு இருந்த பல பொருட்களும் வரிக்குள் வந்தன என்பதால், வரி உண்டா இல்லையா என்பதையும் பொருள்வாரியாகத் திகதியோடு வைத்திருப்பது நல்லது.

பெயரைத் தமிழில் தேடினால் சில வாடிக்கையாளர்கள் கிடைப்பதில்லை. பட்டியலில் கண்ணால் பார்த்தால் இருக்கிறார்கள்! (வெள்ளவத்தை, மருந்தகம்)

கிடைக்காத பெயர்களில் கொ, கோ, கௌ, மௌ போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா? நிச்சயம் இருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனியே வந்திருக்கலாம். இதற்கு யூனிகோட் தரமே, இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் ‘இயல்பாக்கம்’ என்ற வழியை வகுத்திருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

அதோடு முடியாது. கௌரி, மௌலானா, பௌசியா என்ற பெயர்களைப் பலர் கொம்பு போட்டு, பின்னால் ளகர எழுத்தையே அடிக்கிறார்கள். பார்வைக்கு அதுவும் ஒன்றுபோல்தான், ஆனால் இயல்பாக்கம் அதைத் தொடாது. தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும் தனி விதி வேண்டும். சேமித்த பெயர்களை ஒரேயடியாக மாற்றப் போகாதீர்கள். ‘வெள்ளவத்தை’யிலும் கொம்புக்குப் பின்னால் ளகரம் இருக்கிறது.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மென்பொருள் பொறியியலாளர். பயனாளர்கள் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுகிறார்கள். எதைத் திருத்துவது? (தெகிவளை)

தம்பி, அவர்கள் எழுதாதது உங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லாததால் இருக்கலாம். மூன்று கேள்விகள் போதும்: என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலையில் தெரியும் நேரத்தை வைத்து, மென்பொருள் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் அந்தக் கணத்தைத் தேடலாம். பிழையை உங்கள் கணினியில் மீண்டும் வரவழைக்கும்வரை ஒரு வரியையும் தொடாதீர்கள். வரவழைத்ததும் அதையே ஒரு சோதனையாக எழுதி வையுங்கள், ஆறு மாதத்தில் அதே பிழை திரும்பி வரும்போது கைகொடுக்கும்.

முடிந்தால் ஒருநாள் காசாளருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். விசைப்பலகையில் ஒரு விசைக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டி ‘இதை அமத்த வேண்டாம்’ என்று எழுதியிருப்பார்கள். முறைப்பாடாக வராத பிழை அது.

எதுவும் பழுதாகவில்லை. பிறகு எதற்கு வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம்? (செட்டியார் தெரு)

மென்பொருள் பராமரிப்பை ஆராய்ந்த பர்ட்டன் சுவான்சன் 1976இலேயே பராமரிப்பை மூன்றாகப் பிரித்தார்: பிழை திருத்துவது, மாறும் சூழலுக்கு ஏற்ப மாற்றுவது, மேம்படுத்துவது. அவரும் சக ஆய்வாளர் லியன்ட்சும் 487 நிறுவனங்களில் நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வில், பிழை திருத்தத்துக்குப் போனது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. உங்கள் கடையில் எதுவும் பழுதாகாமலே வேலை வந்துவிட்டது. கட்டணம் கொடுங்கள். ஆனால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், எது அதற்குள் அடங்கும், புதிய அறிக்கை கேட்டால் தனிக்காசா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மூன்று கிளைகளில் இரண்டுக்குப் புதிய பதிப்பைப் போட்டுவிட்டோம். மூன்றாவதைத் தீபாவளி வியாபாரம் முடிந்து போடலாமா? (மருதானை)

மூன்றும் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் கூடாது. 2012 ஓகஸ்ட் 1இல் அமெரிக்காவின் நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சேர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரலைப் போடாமல் விட்டது. அதிலிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டத்தை உண்டாக்கியது. ஒன்றில் மூன்றுக்கும் போடுங்கள், அல்லது இரண்டையும் பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டுப் பண்டிகை முடியக் காத்திருங்கள். திருப்பும் வழி தெரியாவிட்டால் முதலில் அதைக் கேட்டு வையுங்கள்.

மென்பொருள் எழுதியவர் கனடா போய்விட்டார். மூல நிரல் (அவர் எழுதிய நிரல் வரிகள்) எங்களிடம் இல்லை. என்ன செய்வது? (கொள்ளுப்பிட்டி)

நல்ல உறவில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள், கடவுச்சொற்களையும் சேர்த்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகவே உரிமை யாருக்கு என்பதை ஒரு சிறு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். வந்த நிரலை வேறொருவர் புதிய கணினியில் இயக்கிக் காட்டிய பிறகே மிச்சப் பணத்தை அனுப்புங்கள்.

தினமும் பேக்கப் எடுக்கிறோம், அதே கணினியின் டி டிரைவில். போதுமா? (கிராண்ட்பாஸ்)

போதாது. பெரும்பாலும் அது அதே வன்தட்டின் இன்னொரு பகுதிதான். தட்டு போனால் இரண்டும் போகும். இன்று மாலையே ஒரு பிரதியை வெளித்தட்டில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை அதை வேறொரு கணினியில் திறந்து, சனிக்கிழமையின் கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள்.