டர்பனில் 60 ஆம்பியர் இணைப்புள்ள வீட்டில் 7 கிலோவாட் கார் சார்ஜர் போடலாமா?

போடலாம், ஆனால் முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம். 7.4 கிலோவாட் சார்ஜர் தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் கீசருக்கு இன்னொரு 13. அந்த நேரம் பார்த்து மின்அடுப்பில் பிரியாணி ஏறினால் மெயின் பிரேக்கர் விழுந்துவிடும். சார்ஜரை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் 3.7 கிலோவாட், 8 மணி நேரத்தில் ஏறத்தாழ 29 யூனிட். சாட்ஸ்வர்த்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போய்வர அது தாராளம். என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு 7 கிலோவாட் வெறும் பந்தாதான்.

தனி வயர், தனி பிரேக்கர், டிசி (நேர்மின்) கசிவையும் பிடித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவி மூன்றும் கட்டாயம் வேண்டும். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுத்து, வயரிங் விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சிஓசி சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் வீட்டை விற்கும்போது சிக்கல். தீப்பிடித்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம்.